வீதியைக் கடக்கப்போய்ப் பாலத்தைக் கடந்த பிள்ளை

உள்துறைமுக வீதி,
திருகோணமலை.

அன்புள்ள தம்பி சிவரூபனுக்கு, அண்ணன் கனகரத்தினம் எழுதிக்கொள்வது.

நானும் உன் அண்ணி ஜெயரூபியும் சுகம். உன் மகளும் சுகம். இந்த மூன்றாவது சுகத்தை எழுதத்தான் நேற்றுப் பின்னேரம் வரை என் கை ஓடவில்லை. இனிப் பயமில்லை, கதிரையில் சாய்ந்திருந்து வாசி.

நோர்வேயில் பிறந்து வளர்ந்த பிள்ளை, திமிங்கில ஆராய்ச்சிக்கென்று ஒரு வருடம் இங்கே வாழ வந்திருக்கிறாள், ஊர் நடப்புத் தெரியவேண்டுமே என்று வந்த நாளிலிருந்து கீர்த்தனி குசினிக்குத் தண்ணி குடிக்கப் போனாலும் பின்னால் போய்ப் புத்தி சொன்னேன். மத்தியான வெயிலில் குடையில்லாமல் இறங்காதே. யாரும் தேத்தண்ணி தந்தால் மறுக்காதே, மனம் நோவார்கள். எங்கே போகிறாய் என்று கேட்டால் முழு விபரமும் சொல்லாதே, "சும்மா, இஞ்சதான்" என்று சொல்லு. வீதியைக் கடக்க வாகனம் நிற்கும்வரை காத்து நிற்காதே, கையைத் தூக்கிக்கொண்டு நட.

நேற்றுச் சந்தைக்கு முன்னால் பிள்ளை கையைத் தூக்கியிருக்கிறாள். கிண்ணியா பஸ் நின்றுவிட்டது. கொண்டக்டர், "ஏறுங்கோ தங்கச்சி, கெதியா" என்று ஏற்றிவிட்டு, எங்கே இறங்குவது என்று கேட்டிருக்கிறான். "சும்மா, இஞ்சதான்" என்றிருக்கிறாள். பஸ் பாலத்தையும் கடந்து அக்கரைக் கிண்ணியாவுக்கே போய்விட்டது.

இங்கே சோறு ஆறிப்போனது. அவளுக்குப் போன் எடுத்தால் அது அலுமாரிக்குள் அடித்தது. சந்தைக்குப் போகும்போது போனை வீட்டில் வைத்துவிட்டுப் போ என்று சொன்னதும் நான்தான். உன் அண்ணி என்னோடு கதைக்கவில்லை, சாமிப்படத்தோடு மட்டும் கதைத்தாள். நான் ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரி, பஸ் நிலையம், துறைமுகத்தடி என்று அலைந்து, கடைசியில் சல்லிக் கடற்கரைக்குப் போய்க் கருவாடு காயப்போட்டவர்களிடமும் விசாரித்தேன். ஒருவரும் காணவில்லை. உனக்கு எந்த முகத்தோடு சொல்வேன் என்று நினைத்துக்கொண்டு அம்மன் கோயில் வாசலில் அப்படியே இருந்துவிட்டேன்.

அப்போதுதான் போன் வந்தது.

"கனகரத்தினம் ஐயாவா? நான் கிண்ணியாவில இருந்து நஜ்முன் நிஸா. கொண்டக்டர் முனீப்புட உம்மா. உங்கட பிள்ளை இஞ்ச சாப்பிட்டுக்கொண்டிருக்கிறா, பயப்படாதீங்க."

"என்ர நம்பர் எப்பிடி உங்களிட்ட?"

"பெரியப்பா பேர் கனகரத்தினம், துறைமுகத்தில, ஹாபர்ல வேலை செய்தவர், நிறையப் புத்தி சொல்லுவார் எண்டு பிள்ளை சொன்னா. எங்கட வீட்டுக்காரர் உடனே, 'ஆ, அவரா!' எண்டார். அவரும் ஹாபர்லதானே இருந்தவர், உங்கட நம்பர் அவரிட்ட இருந்தது."

தம்பி, வெட்கப்பட எனக்கு நேரமிருக்கவில்லை. அழுதுகொண்டே கிண்ணியாவுக்குப் போனேன். உன் மகள் பாயில் சம்மணமிட்டு இரண்டாம் முறை வட்டிலப்பம் வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். எனக்கும் அந்த இனிப்பைத் தந்தார்கள். அவ்வளவு ருசியாக நான் எதையும் சாப்பிட்டதில்லை.

ஆகவே கவலையை விடு. இனிப் பிள்ளையைத் தனியே விடமாட்டேன், எங்கே போனாலும் நானும் கூடப் போவேன். உன் வீட்டு வாசல் பனி கெதியாய் உருகவும், அதில் நீ வழுக்கி விழாதிருக்கவும் கோணேசரை வேண்டிக்கொண்டேன்.

உன் அண்ணன்,
கனகரத்தினம்

பி.கு: கடிதத்தைக் கீர்த்தனிக்கு வாசித்துக் காட்டினேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு, "பெரியப்பா, பஸ்ஸில கிண்ணியா எண்டு பெரிசா எழுதியிருந்தது. எனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும்தானே. ஒருநாளாவது ஒருத்தரும் புத்தி சொல்லாமத் திரிய ஆசையா இருந்தது, அதுதான் ஏறினனான். நீங்கள் இவ்வளவு பயப்படுவீங்கள் எண்டு நினைக்கேல்லை" என்றாள். வெள்ளிக்கிழமை திரும்பவும் கிண்ணியாவுக்குப் போகிறாளாம். உன் அண்ணியும் போகிறாள், பலகாரம் சுட்டாயிற்று. என்னை வரவேண்டாமாம்.