ஆக்சிஜன் வியாபாரி பேத்திக்கு வெறும் காற்று

சிந்தாதிரிப்பேட்டை,
ஞாயிறு மாலை

மரியாதைக்குரிய மச்சான் மெஹபூப் பாஷா அவர்களுக்கு, தங்கை மாப்பிள்ளை ஷாஹுல் ஹமீது எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். நானும் தங்கள் தங்கை அமீனாவும் நலம். வாணியம்பாடியில் தாங்களும் தங்கள் ரத்த அழுத்தமும் நலமாக இருக்க துஆ செய்கிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாம். தாங்கள் பேச ஆரம்பித்தால் எதிராளிக்கு முறை வருவதில்லை என்பதால், அந்தப் பக்கம் சிலிண்டர் ஏற்றிவரும் நம் கடை டிரைவர் காதரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

முக்கியமான செய்தி முதலில். நம் இஃப்ரா பெற்ற குழந்தைக்கு ஆபத்து இல்லை. மூளைக்கு ஒன்றும் ஆகவில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆகவே தாங்கள் புறப்பட்டு வரவேண்டாம். "பச்சப் புள்ளைய ஐஸ்ல வச்சிட்டாங்களாமே!" என்று என் மருமகன் தௌஃபீக்கிடம் போனில் கத்தியதும் வீண்.

நடந்தது இதுதான். வியாழக்கிழமை அடையாறு ஆஸ்பத்திரியில் குழந்தை பிறந்தபோது, தொப்புள்கொடி அமுங்கி மூச்சுக் கிடைக்காமல், நீலம் பாரித்து, அழாமலே வந்திருக்கிறது. தௌஃபீக் கடைக்குப் போன் போட்டு, "மாமா, மாஸ்க் வச்சி வெறும் காத்துதான் குடுக்கறாங்களாம், ஆக்சிஜன் இல்லியாம்" என்றான். எனக்குத் தலைக்கேறிவிட்டது. முப்பது வருஷமாக வெல்டிங் பட்டறைகளுக்கு ஆக்சிஜன் விற்கிறவன் பேத்திக்கு வெறும் காற்றா? கொல்லன் தெருவிலேயே ஊசிக்குப் பஞ்சமா? ஒரு சிலிண்டரைத் தூக்கி ஆட்டோவில் போட்டேன். "இன்னா நைனா, இது வெடிச்சா நான் எங்க போறது?" என்றான் ஆட்டோக்காரன். "மேலதான் போவே, சீக்கிரம் ஓட்டு" என்றேன். ஆஸ்பத்திரி வாசலில் செக்யூரிட்டி புகழேந்தி கையை விரித்து மறித்து, "இன்னா பாய், பட்டறைன்னு நெனச்சிக்கினியா? இது பிரசவ வார்டு" என்றார். நான் போட்ட சத்தத்தில் டாக்டர் ஷீலாவே இறங்கி வந்துவிட்டார்.

"ஐயா, இது இரும்பு வெட்டற சிலிண்டர். குழந்தை மூச்சு விட ஆரம்பிச்சிடுச்சு. மூச்சு முட்டிப்போன மூளைக்கு எடுத்த எடுப்புல அளவுக்கு மேல ஆக்சிஜன் குடுத்தா அதுவே கெடுதல். காத்துல ஆரம்பிச்சு, தேவைப்பட்டா அளந்து ஏத்துவோம்" என்றார். எனக்கு விளங்கவில்லை. விற்கிறவனுக்கு எப்படி விளங்கும்? கூடவே இறங்கி வந்த தங்கள் தங்கைக்கு உடனே விளங்கிவிட்டது. "அட இன்னாங்க, நோம்பு தொறக்கறப்ப பேரீச்சம்பழம், கஞ்சின்னுதான ஆரம்பிக்கிறோம்? எடுத்ததும் பிரியாணிய அமுக்கினா வயிறு இன்னாத்துக்கு ஆவும்?" டாக்டர் சிரித்துவிட்டார். "அதேதாம்மா" என்றார்.

அப்புறம் தாங்கள் கேள்விப்பட்ட ஐஸ். அது ஐஸ் இல்லை மச்சான், குளிர்ந்த தண்ணீர் ஓடும் மெத்தை. மூளை மேலும் கெடாமலிருக்க, உடம்பின் சூட்டைக் கொஞ்சம் குறைத்து மூன்று நாள் வைக்கிறார்கள். பிள்ளை பெற்ற அறையில் ஃபேன் சுவிட்சைத் தொடவிடாத அமீனா கம்பளியோடு போய் நிற்க, நர்ஸ் கயல், "போத்தக் கூடாதும்மா" என்று திருப்பி அனுப்பிவிட்டாள். கொண்டுபோன கம்பளி வீணாகக் கூடாதென்று அமீனா அதை இஃப்ராவுக்குப் போர்த்தினாள். இஃப்ரா அதை உதறித் தள்ளி, "எம் புள்ள குளிர்ல கீது, எனக்கு மட்டும் இது இன்னாத்துக்கும்மா?" என்றாள். நான் வராந்தாவுக்குப் போய் நின்றுகொண்டேன்.

இன்று காலையிலிருந்து குழந்தையை மெல்லச் சூடேற்றினார்கள். மதியம் அழுதது. அப்படியே தங்கள் குரல். அந்த வார்டில் மற்றக் குழந்தைகளுக்கு முறை வரவே இல்லை.

ஆகவே நான் அமைதியாக இருக்கிறேன், தாங்களும் அமைதியாக இருங்கள். வீட்டில் எல்லோருக்கும் எங்கள் சலாம். அல்லாஹ் தங்களுக்கு நீண்ட ஆயுளையும் சற்றே தாழ்ந்த குரலையும் அருள்வானாக.

இப்படிக்கு,
ஷாஹுல் ஹமீது

பி.கு.: மூளைக்கு ஒன்றும் ஆகவில்லை என்று டாக்டர் சொன்னதாக மேலே எழுதியிருக்கிறேன். அவர் அப்படிச் சொல்லவில்லை. "நாளைக்குத் தலைய ஸ்கேன் பண்ணினா ஓரளவு தெரியும். மத்தது வளர வளரத்தான் தெரியும்" என்றுதான் சொன்னார். இதை அமீனாவிடமும் இஃப்ராவிடமும் நான் இன்னும் சொல்லவில்லை. அவர்கள் முன்னால் சிரித்துச் சிரித்தே தாடை வலிக்கிறது. காதர் வண்டி விடிவதற்குள் சென்னை திரும்பிவிடும். அதிலேயே ஏறி வந்துவிடுங்கள் மச்சான். எனக்குப் பயமாக இருக்கிறது. பக்கத்தில் நின்று யாராவது கத்தினால் தேவலை.