கறுப்பு வெள்ளையில் ஒரு மணி பிளாண்ட்

இன்னொரு இலையும் மஞ்சளாகியிருந்ததை லிஃப்ட் மெக்கானிக் வெறித்துக்கொண்டிருந்தபோது ஆஸ்பத்திரியிலிருந்து மனைவி அழைத்தாள்.

"ஏங்க, என் செடி எப்படியிருக்கு?"

"அதுக்கென்ன, ஜம்முன்னு இருக்கு."

"அப்ப ஒரு போட்டோ அனுப்புங்க."

ஈரலில் கோளாறு என்று அவளைச் சேர்த்திருந்தார்கள். தொற்று பயத்தால் வார்டுக்குள் யாரையும் விடுவதில்லை. போகும்போது அவள் கேட்டது ஒன்றுதான்: ஜன்னலோர மணி பிளாண்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அவரும் அவள் நினைவு வந்தபோதெல்லாம் தண்ணீர் ஊற்றினார். அந்த வீட்டில் அவள் நினைவு வராத நேரமே இல்லை. வேர் அழுகிவிட்டது.

கைபேசியில் நிறத்தை எடுத்துவிட்டுப் படத்தை அனுப்பினார். பச்சையும் மஞ்சளும் ஒரே சாம்பலாயின.

"என்னங்க, கறுப்பு வெள்ளையில?"

"இது ஒரு கலை. உனக்குப் புரியாது."

"ஸ்பேனர் பிடிக்கிற கைக்குக் கலையா! சரி, தினம் ஒண்ணு அனுப்புங்க."

மாட்டிக்கொண்டார். உதிர்ந்த இலைகளை டேப்பால் ஒட்டினார். ஒட்டியவை சுருண்டன. எதிர்வீட்டுத் தொட்டியில் ஒரு கொடியைக் கிள்ளும்போது அந்த வீட்டு அக்கா கையும் களவுமாகப் பிடித்துவிட்டாள்.

"கேட்டா வேரோட தருவேனே தம்பி. திருடணுமா?"

"ஒரு போட்டோவுக்குத்தான்க்கா."

"செடிக்கு மேக்கப்பா? விளங்கிடும்!"

தொட்டியில் செருகிய அந்தக் கொடியைப் படத்தில் பார்த்து மனைவி, "துளிர் விட்டிருக்கே! உங்க கைராசி," என்றாள். குரல் மெலிந்திருந்தது. பதிலுக்கு அவளும் கறுப்பு வெள்ளையில்தான் தன் படங்களை அனுப்பினாள். தலையணையில் சாய்ந்து, கன்னத்தில் கைவைத்து, சினிமாக்காரி மாதிரி சிரித்தபடி. எடுத்தது நர்ஸ். போட்டியென்றால் அவள் என்றைக்கு விட்டுக்கொடுத்தாள்?

கலரில் அனுப்பச் சொல்லி அவள் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. தப்பித்தோம் என்று நினைத்துக்கொண்டார்.

"வீட்டுக்கு வந்ததும் முதல்ல அதைத்தான் தொட்டுப் பாப்பேன்," என்று அவள் சொன்ன மறுநாள், கொடி மொத்தமும் அவர் கையோடு வந்துவிட்டது.

துவைத்த துணிகளோடு வார்டு வாசலுக்குப் போனார்.

"சிஸ்டர், நீங்கதான் பக்குவமா சொல்லணும். அவ செடி போயிடுச்சு. மஞ்சள் தெரியக்கூடாதுன்னுதான் நான் கறுப்பு வெள்ளையில எடுத்தேன்."

நர்ஸ் பையை வாங்கினாள். அதன் காதை முறுக்கினாள்.

"அவங்களும் அதுக்குத்தான் சார் கறுப்பு வெள்ளையிலேயே எடுக்கச் சொன்னாங்க."