கேட்டம்மாவின் வாளியும் குடையும்

சொந்த வீட்டு மொட்டை மாடியில் சிகரெட் பிடிக்கும் மாமனார் மீது பக்கத்து வீட்டுப் பெண்மணி ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினால், மருமகள் முதலில் என்ன செய்ய வேண்டும்? அவருக்குத் துண்டு எடுத்துக் கொடுப்பதா, அந்தப் பெண்மணிக்கு நன்றி சொல்வதா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

ஊற்றியவர் கேட்டம்மா. நாட்டுக்கே வெடியும் தீப்பெட்டியும் அனுப்பும் சிவகாசியில், தன் தெருவில் ஒருவரையும் தீக்குச்சி கிழிக்க விடாத மனுஷி. நாரணாபுரம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனி கேட்டில் காலமெல்லாம் நின்றவர். உள்ளே போகிறவர்களின் பீடியையும் தீப்பெட்டியையும் வாங்கி வைத்து, சாயங்காலம் வேன் ஏறும்போது திருப்பிக் கொடுப்பது வேலை. வேலையை விட்ட பிறகும் கேட்டை விடவில்லை. அவர் எங்கே நின்றாலும் அங்கே ஒரு கேட் முளைத்துவிடும்.

ஆமத்தூரில் ஒரு கல்யாணம். மண்டப வாசலில் பன்னீர் தெளிக்கும் பெண்களுக்குப் பக்கத்தில் கேட்டம்மா நின்றார். மாப்பிள்ளை வந்தார்.

"ஏலே, கையத் தூக்கு."

மாப்பிள்ளை ஒரு காலத்தில் அந்தக் கம்பெனியில் லோடு ஏற்றியவர். பட்டு வேட்டியும் மாலையுமாக, பழக்க தோஷத்தில் இரண்டு கைகளையும் தூக்கிவிட்டார். நாதஸ்வரமே ஒரு நிமிடம் நின்றது. சட்டைப் பையிலிருந்து சிகரெட் பாக்கெட் வெளியே வந்தது.

"போகையில வாங்கிக்க. உள்ள பச்சப்புள்ளைக இருக்கு."

தாலி கட்டி, பந்தி முடிந்து, மாப்பிள்ளை காரில் ஏறும்போது பாக்கெட் பத்திரமாக அவர் கைக்குப் போனது.

எங்கள் வீட்டுக்கு வருகிறேன். என் மகளுக்கு ஒரு வயது. சளி பிடித்தால் இளைப்பு வந்துவிடும். புகையே ஆகாது என்றார் டாக்டர். மாமா மாடியில் பற்றவைத்தால் புகை நேராக அவள் தூங்கும் அறை ஜன்னலுக்குத்தான் வரும். நான் ஜன்னலைச் சாத்துவேன். பிள்ளைக்குக் காற்று வேண்டாமா என்று திறப்பேன். மறுபடி சாத்துவேன். மாமாவிடம் சொல்ல வாய் வராது. ஜன்னல் கீல் தேய்ந்ததுதான் மிச்சம்.

இதையெல்லாம் கேட்டம்மா தன் மாடியிலிருந்து பார்த்திருக்கிறார். கம்பெனியில் தீயணைக்க வைத்திருப்பதுபோல ஒரு சிவப்பு வாளி அங்கே எப்போதும் நிரம்பியிருக்கும். ஒருநாள் அது கைப்பிடிச் சுவரைத் தாண்டி வந்து கவிழ்ந்தது.

"ஏம்மா! என் வீடு, என் மாடி, என் காசு, என் நெஞ்சு! கேக்க நீ யாரு?" மாமா சொட்டச் சொட்டக் கத்தினார்.

"நெஞ்சு உங்கதுதான் அண்ணாச்சி. வெளிய விட்ட புகையும் உங்கதுதான? பேத்தி மூக்குக்குள்ள போகுது, திருப்பிக் கூப்பிடுங்க பாப்போம்."

மாமா புகையைக் கூப்பிடவில்லை. ஜன்னலில் நின்ற என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைச் சாத்தினேன்.

மறுநாள் தெருக்கோடிக் காலி மனையில், வேலிக்கருவை ஓரம் கேட்டம்மா ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்.

"இங்கன இருந்து ஊதுங்க அண்ணாச்சி. ஒருத்தரும் கேக்கமாட்டாக."

மாமா முறைத்துக்கொண்டே போய் உட்கார்ந்தார். அந்த வழியாகப் போன ஓர் இளைஞர், "இந்த வயசுல இது தேவையா தாத்தா?" என்று ஆரம்பித்ததுதான் தாமதம், கேட்டம்மா பாய்ந்து வந்தார். "ஏலே, அவுக யாருக்கும் இடைஞ்சல் பண்ணாம அவுக பாட்டுக்கு இருக்காக. ஒன் சோலியப் பாத்துப் போலே!"

மழை தூறிய ஒரு மாலையில் நான் கண்டதை என் கணவர்கூட நம்பவில்லை. மாமாவின் சிகரெட் நனையாமல் கேட்டம்மா குடை பிடித்து நின்றார். வாளியைக் கவிழ்த்த அதே கை. நான் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு பார்த்தேன்.

போன மாதம் அவர் விருதுநகரில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். கிளம்பும்போது வாளியையும் குடையையும் என்னிடம் கொடுத்து, "பாத்துக்க தாயி" என்றார். எதை என்று சொல்லவில்லை.

இப்போது மழைக்காலம். காலி மனையில் குடை பிடிக்க ஆளில்லாமல் மாமா மறுபடி மாடிக்கே வந்துவிட்டார். மகளுக்கு இருமல் தொடங்கியிருக்கிறது. தினமும் வாளியை நிரப்புகிறேன், மாடிப்படிவரை தூக்கிப் போகிறேன், திரும்பி வந்து ரோஜாச் செடிக்கு ஊற்றுகிறேன். செடி அழுக ஆரம்பித்துவிட்டது.

ஒரு கையில் வாளியும் மறு கையில் குடையுமாகக் கேட்டம்மா எப்படித்தான் நின்றாரோ! எனக்கு இரண்டுமே கனக்கின்றன. எதை முதலில் தூக்கட்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.