இடைவெளி: பூஜ்யம் அடி

செவிலிமேட்டில் வேணுகோபால் வீட்டு வாசலில் ஒரு மாமரம் இருந்தது. மாமரம் இருப்பது குற்றமல்ல. அதன் ஒரு கிளையில் பங்கனப்பள்ளி, ஒன்றில் ருமானி, ஒன்றில் மல்கோவா, இன்னொன்றில் நீலம் காய்த்ததுதான் வம்பாகிவிட்டது. வேணுகோபால் பட்டு நெசவாளி. புடவை உடலோடு முந்தானையை இழை இழையாகச் சேர்க்கிற கை, நாட்டு மாமரத்தில் நாலு ரகத்தை ஒட்டுக் கட்டி வளர்த்திருந்தது. அந்த மரத்தின் மேல் அவருக்கு உயிர்.

மரக் கணக்கெடுப்புக்குக் கலைவாணன் என்ற அதிகாரி செல்போனோடு வந்தார். அவருடைய செயலியில் ஒரு மரத்துக்கு ஒரு ரகம்தான் ஏறும். ஆகவே, பொதுநலன் கருதி, நாலு மரம் என்று பதிந்து அடிமரத்தில் நாலு எண் தகடு அடித்துவிட்டுப் போனார். பதினைந்தாம் நாள் நோட்டீஸ் வந்தது.

"மாமரங்களுக்கிடையே முப்பது அடி இடைவெளி இருத்தல் வேண்டும். தங்கள் மரங்களுக்கிடையே காணப்படும் இடைவெளி பூஜ்யம் அடி. எனவே மூன்று மரங்களை அகற்றி அறிக்கை அளிக்கவும்."

வேணுகோபால் அலுவலகத்துக்கு ஓடினார்.

"சார், அது ஒரே மரம் சார். கிளைதான் நாலு."

"கம்ப்யூட்டர்ல நாலு இருக்குதேப்பா."

"நீங்கதானே நேர்ல வந்து பாத்துக்கினு போனீங்க?"

"பாத்தது நானு. பதிஞ்சது டிபார்ட்மெண்ட்டு. ரெண்டும் வேற."

இப்படியும் உலகத்தில் ஒரு முட்டாள்தனமா என்று எங்கள் தெருவே விழுந்து விழுந்து சிரித்தது. வேணுகோபாலின் மனைவி மஹாலட்சுமி மட்டும் சிரிக்கவில்லை. நாலு ரகத்தையும் நறுக்கி டப்பாவில் கொண்டுபோய் கலைவாணனின் மேசைமேல் வைத்தார். நாலாவது துண்டு உள்ளே போனதும் நோட்டீஸ் நிறுத்திவைக்கப்பட்டது. அடுத்த வாரமே அது 'முன்மாதிரி மரம்' ஆனது. பொதுமக்கள் அதிலிருந்து ஒட்டுக்குச்சி எடுத்து வீடுதோறும் வளர்த்துப் பயன்பெறலாம் என்று ஆணையும் வந்தது.

அவ்வளவுதான். ஒட்டு மாமரம் இல்லாத வீடும் ஒரு வீடா என்று ஊர் பேச ஆரம்பித்துவிட்டது. முதலில் அலுவலகத்தார் வந்தார்கள், பிறகு அவர்கள் சம்பந்தி வீட்டார். நாங்களும் ஒரே தெரு என்ற உரிமையில் முந்திக்கொண்டோம். "ஒரு குச்சிதானேண்ணா" என்று ஆளுக்கு ஆள் கேட்டோம். இல்லையென்று சொல்ல அந்த மனிதருக்கு வாய் வரவில்லை. ஆடி பிறப்பதற்குள் நாலு கிளையும் ஒட்டுக் கட்டிய இடம்வரை மொட்டை. அடிமரத்தில் நாட்டு மாவின் துளிர் மட்டும் நின்றது.

கலைவாணன் வந்து சுற்றிப் பார்த்தார்.

"இப்ப ஒரே மரம், ஒரே ரகம். குறை நிவர்த்தியாயிடுச்சிப்பா" என்று ஃபைலை மூடிக்கொண்டு போனார்.

மறுநாள் வேணுகோபால் ஒட்டுக் கத்தியோடு வீடு வீடாக வந்தார். முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

"ரகத்துக்கு ஒரு குச்சி குடுத்தீங்கன்னா மறுபடி கட்டிக்குவேன்பா."

எங்கள் வீட்டு ருமானி அப்போதுதான் துளிர்விட்டிருந்தது. கத்தி வைக்க எனக்கு மனசு வரவில்லை.

"இன்னும் வயசு பத்தலண்ணா" என்றேன். "எதுக்கும் ஒரு மனு எழுதிக் குடுத்துட்டுப் போங்க. பாக்கலாம்."