பன்னிரண்டாம் இடத்துப் பள்ளம்

அன்புத் தங்கச்சிக்கு,

அண்ணன் எழுதிக்கொண்டது. நான் நலம், மூட்டுவலியும் நலம், என்னைவிட்டு எங்கும் போகவில்லை. நீயும் பிள்ளைகளும் நலமா?

மாப்பிள்ளை தவறிப்போன பிறகு வாடகை வீட்டில் இருக்க மனசில்லை, என் பங்கு நிலத்தில் சின்னதாக ஒரு வீடு கட்டிக்கொண்டு வந்துவிடுகிறேன் என்று எழுதியிருந்தாயே, அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. காரணத்தை மறைத்தேன், இனி முடியாது. என் மேல்வயலில் ஒரு பள்ளம் விழுந்திருக்கிறது. ஒவ்வொரு மழைக்கும் அது வாயைப் பிளந்துகொண்டு உன் கீழ்வயலைத் தின்கிறது. தடுப்புச்சுவர் கட்ட அரசாங்கத்தின் மண் பாதுகாப்பு உதவிக்கு விண்ணப்பித்தேன். அங்கே நிலத்துக்கு மதிப்பெண் போட்டு வரிசைப்படுத்துகிறார்கள். நிலம் எவ்வளவு மோசமோ அவ்வளவு மதிப்பெண். நாம் படித்த காலத்தில் இப்படி ஒரு பரீட்சை இருந்திருந்தால் நான் எங்கேயோ போயிருப்பேன்.

ஆய்வுக்கு அலுவலர் வருகிறார் என்றதும் இரண்டு நாள் டிராக்டர் வைத்துப் பள்ளத்தை மூடி, வரப்பெல்லாம் செதுக்கி, பளிச்சென்று வைத்திருந்தேன். நாலு பேர் வந்து போகிற இடத்தை அலங்கோலமாகவா காட்டுவது? மனிதர் அளவு நாடாவும் கையுமாக நின்றார்.

"பள்ளம் எங்கய்யா?"

"மூடிட்டேன் சார். நீங்க கால் இடறி விழுந்துடக் கூடாதுல்ல!"

"அட கடவுளே! நான் அதைத்தானே அளக்கணும்!" என்று தலையில் கைவைத்துக்கொண்டார். அளந்ததில் ஆழம் ஒரு சாண்.

பக்கத்து வயல்காரன் தூங்குமூஞ்சியை உனக்குத் தெரியும், ஜென்மத்தில் மண்வெட்டியைத் தொடாதவன். அவன் பள்ளத்தில் இறங்கிய அலுவலரை இரண்டு பேர் சேர்ந்து தூக்கிவிட வேண்டியிருந்ததாம். அவனுக்கு முதலிடம். மொத்தம் பதினொரு பேருக்கு உதவி கிடைத்தது. நான் பன்னிரண்டாவது.

அலுவலகத்துக்குப் போய் குமாஸ்தாவிடம் சண்டை பிடித்தேன். அவர் என் விண்ணப்பத்தைத் திருப்பிக் காட்டினார். 'அடுத்தவர் நிலம் பாதிக்கப்படுகிறதா?' என்ற கேள்விக்கு 'இல்லை' என்று என் கையாலேயே எழுதியிருக்கிறேன்.

"கீழ இருக்கிறது யார் நிலம்?"

"என் தங்கச்சி நிலம்."

"பத்திரம் அவங்க பேர்லயா? அப்ப அவங்க அடுத்தவங்கதான்யா. பதினஞ்சு மார்க்கை நீங்களே விட்டுட்டீங்களே!"

அங்கேயே அழுதுவிட்டேன் தங்கச்சி, அறுபத்திரண்டு வயதில், பத்துப் பேர் முன்னால். உன்னைப் போய் அடுத்தவள் என்று எந்தக் கையால் எழுதுவது? அந்தப் பதினைந்து இருந்திருந்தால் ஐந்தாமிடம் வந்திருப்பேனாம். எனக்கு அது தோன்றவே இல்லை. உன் சொத்தை என் மடத்தனத்தால் தொலைத்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

ஆனாலும் நீ கலங்காதே. மூடிய பள்ளத்தின் வாயில் மணல் மூட்டை அடுக்கிவிட்டேன். அடுத்த வருடப் பட்டியல் வரும்வரை உன் நிலம் அசையாது. தைரியமாகக் கொத்தனாரைப் பேசி வை. பெரியவளுக்கும் சின்னவனுக்கும் மாமாவின் ஆசிகள். வேளாவேளைக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
உன் அண்ணன்

பி.கு.: இதைத் தபாலில் போடுவதற்குள் மூன்று நாள் விடாத மழை. மேலே எழுதிய தைரியம் எதையும் நம்பாதே. மூட்டைகள் போய்விட்டன. உன் வயலில் பாதி ஓடையோடு போயிற்று, மீதி வெறும் கல். அலுவலர் வந்து வெகுநேரம் பார்த்துவிட்டு, "இப்ப நீங்கதான்யா முதலிடம்" என்றார். பாவம், ஆறுதல் சொல்வதாக நினைத்துத்தான் சொன்னார். கொத்தனாரை நிறுத்தாதே. என் மேல்வயலில் கிணற்றுப் பக்கம் மண் கெட்டி, அங்கே பள்ளம் எட்டாது. பத்திர எழுத்தரிடம் அந்த இடத்தை எழுதச் சொல்லிவிட்டேன், உன் பேரில். நீ என்றைக்கு வருகிறாய் என்று மட்டும் எழுது.