கரடிக்குப் பின்னால் ஒரு சத்தம்

"இதோ, இங்கேதான். கரடி வாயைத் திறந்ததும் வருது பாருங்க," என்றாள் மனைவி.

அவன் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டான். கதையில் கரடி தேன் கேட்டது. அதன் முதுகுக்குப் பின்னால் தாழ்வாக, விடாமல், ஒரு ரீங்காரம்.

விடுதியில் தங்கிப் படிக்கும் பார்வையற்ற பிள்ளைகளுக்காகக் கதைகளைப் பதிவு செய்யும் ஒலிநூலகம் அது. அவன் பக்கத்தில் இருந்து பதிவு செய்து கொடுக்க, அவள் அனுப்பிய மாதிரிக் கதையைக் கேட்டுவிட்டு அதன் பொறுப்பாளர் அம்மாள் காலையில் பேசினார். "குரல் நல்லா இருக்கும்மா. ஆனா பின்னாடி ஒரு சத்தம் கேக்குதே, அது..." என்ற இடத்தில் இணைப்பு அறுந்தது. திரும்ப அழைத்தால் எடுக்கவில்லை. அடுத்த கதையைச் சாயங்காலத்துக்குள் அனுப்பச் சொல்லி, கேட்டுவிட்டு முடிவு சொல்வதாகக் குறுஞ்செய்தி மட்டும் வந்தது.

"போச்சு. வேற யாரையாவது எடுத்துடுவாங்க."

பள்ளிக்கூட வேலையை விட்டபின் அவள் ஆசைப்பட்டுக் கேட்ட ஒரே வேலை இது.

"எப்படிப் போகும்? நான் எதுக்கு இருக்கேன்?"

அவன் கல்லூரி ஆய்வகத்தில் மின்னணுக் கருவிகளைப் பராமரிப்பவன். 'நான் எதுக்கு இருக்கேன்' என்று அவன் சொல்லும் நாட்களில் வீட்டில் ஏதாவது ஒன்று ஓடாமல் நின்றுபோவது வழக்கம்.

சாப்பாட்டு மேசையில் சாலிடரிங் கோலும் கம்பிகளும் பரவின. உளுந்தளவு கறுப்புச் சில்லு ஒன்றை அவன் உயர்த்திக் காட்டினான். இருபுறமும் நான்கு நான்கு கால்கள்.

"ஆப்-ஆம்ப். ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும் மட்டுமே வடிகட்டும்தான். ஆனா அந்த அலுப்புல நல்ல சத்தமும் சோர்ந்துபோயிடும். இது கூட இருந்தா தெம்பு குடுத்து அனுப்பும்."

"எங்கம்மா மாதிரி. திட்டவும் திட்டி, சாப்பாடும் போட்டு."

"கேக்குதுடி," என்றது அடுக்களை.

முதல் பெட்டி, தாழ்ந்த சத்தத்தை மறித்து உயர்ந்ததை மட்டும் விடும் வடிப்பான். மைக்குக்கும் பதிவுக் கருவிக்கும் நடுவே அதைச் செருகினான். இருவரும் ஹெட்போன் மாட்டிக்கொண்டார்கள். அதே கரடி வரும் புதுக் கதையை அவள் வாசித்தாள். ரீங்காரம் காணோம்.

கரடியையும் காணோம்.

"கொசு பேசற மாதிரி இருக்குங்க. இதுக்குப் போய் யாரு பயப்படுவா?"

"உன் குரலோட அடிப்பாகமும் அங்கேதான் இருக்கு. சேர்ந்து வெட்டுப்பட்டுடுச்சு."

"அடிப்பாகம் இல்லாம நான் எப்படி நிக்கறது?"

இரண்டாவது பெட்டி, ஒரே ஒரு மெல்லிய இடத்தை மட்டும் கிள்ளி எடுப்பது. ரீங்காரம் எங்கே இருக்கிறது என்று அலைகாட்டியில் பார்த்து, அந்த இடத்துக்கு நேராக வைத்தான். கரடிக்கு உடம்பு திரும்ப வந்தது. ரீங்காரம் செத்தது. அவன் முகம் மலர்ந்து, இன்னும் கொஞ்சம் குனிந்தான்.

ரீங்காரம் கொஞ்சம் மேலே போய் நின்றுகொண்டு மறுபடி தொடங்கியது.

குமிழை மேலே திருப்பினான். அது கீழே இறங்கியது. கீழே திருப்பினான். மேலே ஏறியது. ஒரு தடவை சறுக்கிக்கொண்டே இறங்கி, நடுவில் ஒரு சுழி சுழித்துவிட்டுப் போனது.

"மின்சாரத்துல வர்ற இரைச்சல் ஒரே இடத்துலதான் இருக்கும். இது என்னைக் கண்டா ஓடுது!"

"நீங்க மும்முரமானா அதுவும் மும்முரமாகுதுங்க."

மாமியார் எட்டிப் பார்த்தார். "மாப்பிள்ளை வேலையில இறங்கிட்டாருன்னா எனக்கு அடுக்களையில இருந்தே தெரிஞ்சுடும். தண்ணி வேணுமா?"

"வேணாம் அத்தை. ஆளைப் பிடிச்சுட்டேன்."

அவன் பிடித்தது பின்னூட்டத்தை. வெளியே போவதில் கொஞ்சத்தை உள்ளே திருப்பிவிட்டால் கிள்ளல் கூர்மையாகும். கொஞ்சம் திருப்பினான். கூர்மையாயிற்று. ஸ்பீக்கரிலும் இணைத்துக்கொண்டு இன்னும் திருப்பினான். வடிகட்டவேண்டிய பெட்டி தானே பாட ஆரம்பித்தது. மூன்று பேர் காதும் கூசும்படி ஒரு விசில். எதிர்வீட்டு நாய் பதில் சொன்னது. மாமியார் குக்கர் விசில் என்று நினைத்து ஓடிப்போய், காலியாக இருந்த குக்கரை அடுப்பிலிருந்து இறக்கினார்.

அவசரத்தில் அவன் பிடுங்கிச் செருகிய கம்பி தப்பான இடத்தில் போய் உட்கார்ந்தது. சில்லு புகைந்தது.

"மூக்குக்கும் கேக்குது இப்போ," என்றாள் மனைவி. சிரிக்க முயன்றாள். கண் கலங்கியிருந்தது. வெயில் சன்னலை விட்டு இறங்கிக்கொண்டிருந்தது.

"அழாதே. இரைச்சலைத் தரைக்கு இறக்கிவிட எர்த் கம்பி ஒண்ணு போட்டிருக்கேன். புது ஆப்-ஆம்ப் வாங்கிட்டு ஓடி வந்துடறேன்."

அவன் செருப்பு மாட்டியதும் மாட்டாததுமாகக் கடைக்கு ஓடினான்.

"வீடு எவ்வளவு அமைதியா இருக்கு!" என்றார் மாமியார், யாரிடம் என்றில்லாமல்.

மனைவி கருகிய பெட்டியைக் கழற்றி ஓரமாக வைத்தாள். மைக்கை நேராகக் கருவியில் செருகினாள். என்ன ஆனாலும் ஆகட்டும் என்று முதலிலிருந்து கடைசி வரை ஒரே மூச்சில் வாசித்து முடித்தாள்.

அவன் மூச்சிரைக்கத் திரும்பி வந்து, கேட்டான். கரடி உறுமியது. பின்னால் ஒன்றுமில்லை. துடைத்துவிட்ட சிலேட்டு மாதிரி மௌனம்.

"பெட்டியே இல்லாமயா?"

"இல்லாமதான்."

வாங்கி வந்த சில்லைச் சட்டைப் பையில் தடவிப் பார்த்துக்கொண்டான். பிறகு நிமிர்ந்தான். "எர்த் கம்பி! நான் போட்ட எர்த் கம்பி. அதான் வேலை செஞ்சிருக்கு."

"ஒத்துக்கறேங்க. உங்களாலதான் போச்சு," என்று அனுப்பும் பொத்தானை அழுத்தினாள்.

விளக்கேற்றிய கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டாள். மாமியார் கரண்டியோடு வந்து நின்றார்.

"ரொம்பச் சுத்தமா இருக்கும்மா. இனிமே நீங்கதான் எங்களுக்கு வாசிக்கறீங்க," என்றார் பொறுப்பாளர் அம்மாள்.

மனைவி தன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவன் எர்த் கம்பியைப் பெருமையோடு பார்த்தான்.

"ஆனா காலையில கேக்க வந்தேன், லைன் போயிடுச்சு. முதல் கதையில உங்க பக்கத்துல ஒருத்தர் கூடவே முனகிப் பாடிக்கிட்டிருந்தாரே, அவர் எங்கேம்மா? அப்பா பக்கத்துல உக்காந்திருக்கற மாதிரி இருக்குன்னு பிள்ளைங்க அவரைத்தான் கேக்குதுங்க."