அவர் துண்டு அடித்த கோல்

என் பெரியண்ணனுக்கு, தங்கை வணங்கி எழுதுவது. நானும் மகளும் நலம். அண்ணியும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். அவர் போன பிறகு நான் எழுதும் முதல் கடிதம். கையெழுத்து கோழி கிளறியது போல இருந்தால் துக்கம் என்று நினைக்க வேண்டாம், எப்போதும் அப்படித்தான்.

வண்டியோடு வந்து எங்களை உங்கள் வீட்டுக்கே கூட்டிப்போவதாகச் சொன்னீர்கள். நானும் பாத்திரமெல்லாம் கட்டிவிட்டேன். அப்போதுதான் அவர் பழக்கிய கால்பந்து அணிப் பிள்ளைகள் மொத்தமும் வாசலில் வந்து நின்றார்கள். தையற்காரர் மகள், ஒல்லி என்று கூப்பிடுவோமே, அவள்தான் பேசினாள். "அத்தை, சனிக்கிழமை மாவட்ட லீக் ஆட்டம். பொறுப்பாளர்னு பெரியவங்க ஒருத்தர் பெஞ்சில இல்லைன்னா ஆடாமலே தோத்ததா எழுதிடுவாங்க. நீங்க சும்மா வந்து உட்காருங்க, போதும்." பணிமனையில் பஸ் கழுவிவிட்டு வந்து சாப்பிடும்போதெல்லாம் அவர் இதையேதான் சொல்வார்: தெரு அணி நன்றாக ஆடினால் மாவட்ட லீக், அங்கே கண்ணில் பட்டால் மாநில முகாம், அதிலும் தேறினால் நாட்டு அணி, எல்லாம் ஏணி மாதிரி என்று. "முதல்ல தட்டைப் பாருங்க" என்பேன் நான். இப்போது அடிப்படியையே உருவினால் பிள்ளைகள் எதில் ஏறுவார்கள்? போனேன்.

முதலில் எதிரணி பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டேன். பாவம், நல்ல மனுஷிகள், தண்ணீர் கொடுத்துத்தான் எழுப்பிவிட்டார்கள். பிறகு ஒல்லி தடுக்கி விழுந்தாள், நான் மைதானத்துக்குள் ஓடிவிட்டேன், நடுவர் "அம்மா, நான் கூப்பிட்டாத்தான் உள்ள வரணும்" என்றார், "பிள்ளை விழுந்தா நீங்க கூப்பிடுற வரைக்கும் எவ நிப்பா?" என்றேன், அவர் தலையைச் சொறிந்துகொண்டு என் செருப்பை எடுத்துக் கொடுத்தார். அப்புறம் பந்து வருமுன்னே முன்னால் போய் நின்றது தப்பு என்று ஒல்லியை ஊதி நிறுத்தினார்கள். பெண்பிள்ளை முன்னால் போனால் நிறுத்துவது வீட்டில்தான் என்று நினைத்திருந்தேன்.

ஒரு கோல் வாங்கிவிட்டோம். பிள்ளைகள் பெஞ்சில் வைத்திருந்த அவர் பையைத் திறந்தால் அவருடைய துண்டு. சோப்பும் கிரீஸும் கலந்த அந்த வாசனை. அதால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன் அண்ணா. ஒரே கூச்சல். துண்டை எடுத்துப் பார்த்தால் பந்து எதிரணி வலைக்குள்! அப்போதுதான் நினைவு வந்தது, அவருக்குக் கொசுக்குரல் ஆயிற்றே, கத்தினால் கேட்காது, அதனால் துண்டை முகத்தில் வைத்தால் எல்லாரும் முன்னேற வேண்டும் என்று பழக்கியிருந்தார். நான் அழ அழ அத்தனை பேரும் முன்னே ஓடினார்கள், கோல் காக்கும் என் மகள் மட்டும் பின்னால் தனியாக நின்றாள், அதைப் பார்த்து இன்னும் அழுகை, அவர்கள் இன்னும் ஓட்டம், இன்னொரு கோல். ஜெயித்துவிட்டோம்.

பார்க்க வந்திருந்த மாநிலத் தேர்வாளர் என்னைத் தேடி வந்தார். "துண்டாலயே ஆட்டத்தைத் திருப்பிட்டீங்களே, யாருகிட்ட கத்துக்கிட்டீங்க?" "வீட்டுக்காரருகிட்ட" என்றேன், பொய்யில்லையே. ஒல்லியை முகாமுக்கு எடுத்துக்கொண்டார். என்னைப் பயிற்சியாளர் வகுப்புக்கு வரச் சொன்னார். எனக்குத் தெரிந்த பயிற்சி அழுகை ஒன்றுதான், அதற்கும் ஒரு வேலை இருக்கிறதே! தண்ணீர் கொடுத்தவர்களுக்கும், செருப்பு எடுத்துக் கொடுத்த நடுவருக்கும், கூப்பிட்ட பிள்ளைகளுக்கும், விட்டுவிடாத உங்களுக்கும் நான் என்ன கைம்மாறு செய்வேன்? பாத்திரத்தை அவிழ்த்துவிட்டேன். வண்டி வேண்டாம் அண்ணா.

உங்கள் வீட்டில் குறை ஒன்றும் வராமல் இருக்கட்டும்.

உங்கள் தங்கை

பின்குறிப்பு: இதை மகளிடம் படித்துக் காட்டினேன். சிரிக்கிறாள். "அம்மா, அப்பா போனதுமே அந்தத் துண்டு சைகையை விட்டுட்டோம். நீ அழுறதைப் பார்த்துட்டு ஒல்லிதான் 'கோல் போட்டாத்தான்டி அத்தை நிறுத்துவாங்க, வாங்க எல்லாரும்'னா. நீ நிறுத்தவே இல்லை, நாங்க என்ன பண்றது?" ஆகவே மேலே எழுதிய தந்திரம் எதையும் நம்ப வேண்டாம். வண்டியையும் கொண்டுவாருங்கள். அடுத்த ஆட்டம் தூரத்தில், இத்தனை பேரையும் ஏற்றிப்போக வேண்டும்.